எடையக்காவும் ஆறு எல்போவும்

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஆளுக்கு அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். மேனேஜர் கையால் வாங்கி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்தோம். எடையக்கா மட்டும் வாங்கின கையோடு நேராக டிஸ்பாட்ச் செக்‌ஷனுக்குப் போனாள். அங்கே எடை மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து மாலை போட்டிருந்தது. அக்கா மாலையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். தட்டைத் துடைத்தாள். சிவப்பு நம்பர் ஜீரோ காட்டும் வரை காத்திருந்து பாக்ஸை வைத்தாள். பிறகு ஸ்வீட்டை ஒரு பேப்பரில் கொட்டிவிட்டு, வெறும் டப்பாவை மட்டும் வைத்தாள்.

"சார், டப்பா மட்டும் அம்பது கிராம் கீது. நீங்க சொன்ன அரைக் கிலோ டப்பாவோடவா, டப்பா இல்லாமலா?"

மேனேஜர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பூஜை போட்ட மெஷினை அன்றைக்கே தொட்டுவிட்டாளே என்று சூப்பர்வைசர்தான் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மாலையைப் பழையபடி போட்டு, மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

இது நடந்து பதினோரு வருஷம் இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தண்ணீர்க் குழாய்களுக்கு வேண்டிய இரும்பு, பித்தளைச் சாமான்கள் செய்யும் கம்பெனி அது. பேக்கிங்கில் நாங்கள் இருபது பேர், எல்லோரும் கான்ட்ராக்ட் பெண்கள். எல்போ, சாக்கெட், நட்டு என்று எண்ணிப் பெட்டியில் போட்டு ஒட்டுவோம். எல்போ என்றால் குழாய் திரும்புகிற இடத்தில் மாட்டும் துண்டு, மடக்கின முழங்கை மாதிரி இருக்கும். நாங்கள் கட்டின பெட்டி கடைசியாக அக்காவின் மெஷினுக்குத்தான் போகும். எடை சரியாக இருந்தால் பெட்டியின் மேல் சாக்பீஸால் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். கம்மியாக இருந்தால் பெட்டி திரும்பி வரும், கூடவே திட்டும் வரும்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை மஸ்டரில் கையெழுத்துப் போடுகிற நேரம் தவிர யாரும் பார்த்ததில்லை. வயது நாற்பது தாண்டாது. கறுப்பு, ஒல்லி, எப்போதும் முந்தானையை இழுத்துச் சொருகின இடுப்பு. கேட்டுக்கு வெளியே கத்தரிக்காய் விற்கிற ஆளிடம் கையால் தூக்கிப் பார்த்தே "முக்கால் கிலோதான் கீது, இன்னும் ரெண்டு போடு" என்பாள். அந்த ஆள் அவளைத் தூரத்தில் பார்த்தாலே கூடையை மூடுவான். யாராவது வீட்டுக் கதை சொல்லி அழுதால்கூட முழுக்கக் கேட்டுவிட்டு, "வாய் சொல்றத வுடு. மெஷின் இன்னா சொல்லுது?" என்பாள். அழுகிறவளுக்கு இதைக் கேட்டு எரிச்சல் வரும், பிறகு சிரிப்பு வரும். எனக்குப் பெரும்பாலும் எரிச்சல்தான் வந்தது. அவள் பார்வையில் பட்டுவிடாமல் வேலை செய்வதே எனக்கு ஒரு வேலையாக இருந்தது, ஏனென்றால் நான் அப்போது அவளுடைய சாக்பீஸைத் திருடித் தின்றுகொண்டிருந்தேன்.

நாலாவது மாதம். வயிறு தெரியாதபடி ஏப்ரனைத் தளர்த்திக் கட்டியிருந்தேன். கர்ப்பம் என்று தெரிந்தால் கான்ட்ராக்டர் "புள்ள பெத்துட்டு வாம்மா, பாக்கலாம்" என்பார். வீட்டுக்காரருக்கு அந்தச் சமயம் மீஞ்சூர் பக்கம் வேலை இருந்த நாள் பாதி, இல்லாத நாள் பாதி. அதனால் வாயை மூடிக்கொண்டு நின்று வேலை பார்த்தேன். ஆனால் சாக்பீஸைக் கண்டால் மட்டும் வாய் ஊறியது. ஏன் என்று கேட்காதீர்கள். நல்ல சோறு பிடிக்காது, சாக்பீஸ் பிடிக்கும். அக்காவின் டப்பாவிலிருந்து நாளைக்கு ரெண்டு எடுத்து மடியில் செருகிக்கொள்வேன்.

ஒரு நாள் மதியம் அவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பேக்கிங்குக்கே வந்துவிட்டாள்.

"எவடி என் சாக்பீஸ துன்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் தப்பு. பல்லெல்லாம் சாக்பீஸ் வெள்ளை. அக்கா என்னிடம் வந்து, என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"எத்தினி மாசம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, யாராண்டயும் சொல்லாதே..."

"நான் எதுக்குச் சொல்றேன்? ஒடம்புல ரத்தம் இல்லன்னாத்தாண்டி இப்பிடி சாக்கு, மண்ணுன்னு துன்னச் சொல்லும். சனிக்கிழமை டீ டைமுக்கு என் மெஷினாண்ட வா."

அப்போதுதான் எனக்கு அந்தத் தூணின் ரகசியம் தெரிந்தது. டிஸ்பாட்ச்சில் மெஷினுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தூண். லோடு கணக்கு எழுதுகிற தூண் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு பக்கம் முழுக்கச் சனிக்கிழமை எடைகள். பெயர் கிடையாது, ஆளுக்கு ஒரு அடையாளம்: ஒரு பூ, ஒரு மீன், ஒரு குடை. கம்பெனியில் எவள் எவள் முழுகாமல் இருக்கிறாளோ அவளெல்லாம் அந்த மெஷின் மேல் ஏறி இறங்கியிருக்கிறாள். எனக்கு ஒரு பட்டாம்பூச்சி வரைந்தாள். வரைந்தபின் அது கரப்பான் மாதிரி இருந்தது. நாற்பத்திரண்டு கிலோ என்று அதன் கீழே எழுதினாள்.

"செருப்பக் கழட்டு. டிபன் பாக்ஸ கீழ வை. மொதல்ல ஜீரோ பாரு, அப்பறம் ஏறு."

ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே மந்திரம்தான். இடையில் மற்ற நாட்களிலும் விடமாட்டாள். சுகாதார நிலையத்தில் கொடுத்த சத்து மாத்திரையை நாங்கள் டீ குடிக்கும்போதுதான் போடுவோம். வேறு எப்போது போடுவது, அந்தப் பத்து நிமிஷம்தானே நமக்கு ஓய்வு? ஒரு நாள் நான் மாத்திரையை நாக்கில் வைத்து டீ கிளாஸை வாயருகே கொண்டுபோனபோது அக்கா கிளாஸைப் பிடுங்கிவிட்டாள். பாதி டீ என் ஏப்ரனில்.

"டீயோட போட்டா மாத்திர வேஸ்ட்டுடி. நர்சம்மா எனுக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லிக்கீறாங்க. சாப்பாட்டுக்கு அப்பறம் தண்ணில போடு."

"தண்ணி குடிச்சா பாத்ரூம் வருதுக்கா. போக வுட மாட்றாங்க."

"வந்தா போ. எவன் கேக்குறான்னு நான் பாக்குறேன்."

அன்றைக்குச் சாயங்காலமே சூப்பர்வைசரிடம் போய்ச் சண்டை போட்டாள். நாலு நாள் இழுபறி நடந்தது. அதற்குப் பிறகு பாத்ரூம் போக டோக்கன் வாங்குகிற வழக்கம் எங்கள் செக்‌ஷனில் நின்றது. என் டீக்கறை மட்டும் போகவே இல்லை.

ஆனால் என் எடை ஏறவில்லை. அதற்குக் காரணம் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரணியில், என் வீட்டில் இருந்தது. என் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கூடப் பிறந்த தங்கை, குழந்தை பெரிசாக இருந்து வெளியே வராமல் செத்துப்போனவள். அந்தப் பயம் அவரை விட்டுப் போகவே இல்லை. "கம்மியா துன்னும்மா. புள்ள சின்னதா இருக்கட்டும். அப்பத்தான் சுகமா பொறக்கும். இல்லன்னா கத்தி வெச்சுடுவானுங்க" என்று தினமும் சொல்வார். கத்தி வைத்தால் எத்தனை மாதம் படுக்கையில் கிடப்பது என்று எனக்கும் பயம். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கினேன். காலை நாஷ்டாவை விட்டேவிட்டேன். ஆறாம் மாதம் பட்டாம்பூச்சியின் கீழே நாலு சனிக்கிழமையாக ஒரே நம்பர்: நாற்பத்து மூன்று கிலோ நூறு.

நாலாவது தடவை எழுதிவிட்டு அக்கா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"பொட்டி எடை கம்மியா போனா வாங்குனவன் திருப்பி அனுப்புவான். புள்ளைய நீ யாருக்கு திருப்பி அனுப்புவ?"

நான் குனிந்து செருப்பை மாட்டினேன்.

"அடுத்த சனிக்கிழமையும் ஏறலன்னா நானே சூப்பர்வைசர் கிட்ட சொல்லி, உக்காந்து செய்ற வேலைக்கு மாத்தச் சொல்லுவேன். அவருக்குத் தெரிஞ்சா தெரியட்டும்."

தெரிந்தால் வேலை போகும். அந்த வாரம் முழுக்க எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம். இவள் யார் என் வயிற்றைக் கேட்க? சனிக்கிழமை டீ மணி அடித்ததும், மேஜையிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் பாவாடை நாடாவுக்குள் மூன்று, ரவிக்கைக்குள் மூன்று என்று செருகிக்கொண்டு போனேன். இரும்பு சில்லென்று இருந்தது. செருப்பைக் கழற்றினேன். டிபன் பாக்ஸைக் கீழே வைத்தேன். ஜீரோ பார்த்து ஏறினேன். நாற்பத்து நாலு கிலோ. எனக்கே பெருமையாக இருந்தது.

அக்கா நம்பரைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். உதடு அசைந்தது, கணக்குப் போட்டாள்.

"தொளாயிரம் கிராம் ஏறிக்கீற. முக்கால் இன்ச் எல்போ ஒண்ணு நூத்தம்பது. ஆறு எல்போ. எடுத்து வை."

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஒன்று ரவிக்கையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. அவளே இழுத்து எடுத்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"என்ன ஏமாத்துனா பரவால்லடி. உள்ள கீறது வாயத் தொறந்து கேக்கும்போது இன்னா குடுப்ப? எல்போவா ஊட்டுவ?"

அழுதேன். கத்தி, மாமியார், கான்ட்ராக்டர் எல்லாவற்றையும் கொட்டினேன். முழுக்கக் கேட்டாள். இந்தத் தடவை மெஷின் என்ன சொல்லுது என்று கேட்கவில்லை. ஆறு எல்போவையும் முந்தானையில் துடைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, நேராகச் சூப்பர்வைசரிடம் போய், "சார், லேபிள்ல தப்புத் தப்பா எழுதி அனுப்புறாங்க. இந்தப் பொண்ணு எழுத்து முத்து முத்தா கீது, இவள அங்க உக்கார வையுங்க" என்றாள். என் எழுத்தைப் பார்த்தால் கோழிக்கே சிரிப்பு வரும். அக்கா எடையில்தான் பொய் சொல்ல மாட்டாள், வாயால் தாராளமாகச் சொல்வாள்.

அதற்குப் பிறகு நான் உட்கார்ந்து லேபிள் எழுதினேன், வயிறும் மேஜைக்குப் பின்னால் மறைந்தது. காலையில் நாஷ்டா சாப்பிட்டேன். மாமியார் அதட்டினால், "டாக்டரம்மா சொன்னாங்க அத்த" என்று நானும் வாயால் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன். பட்டாம்பூச்சி மெதுவாக ஏறியது. ஏழரை மாதத்தில் நாற்பத்தைந்தரை. அடுத்த சனிக்கிழமை ஒரேயடியாக ஒரு கிலோ கூடியது. அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. தன் டப்பாவில் இருந்த முட்டையை உரித்து, உப்புத் தொட்டு, என் வாயிலேயே திணித்தாள். எனக்கு அன்றைக்குத் தலைவலி. முட்டை வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நான் ஏறியதும் நம்பர் நாற்பத்தெட்டரை காட்டியது. ஒரே வாரத்தில் இரண்டு கிலோ.

"எறங்கு," என்றாள் அக்கா. முகம் கறுத்துவிட்டது. "மறுபடியுமா? எடுத்து வை."

"அக்கா, சத்தியமா ஒண்ணும் இல்ல."

அவள் நம்பவில்லை. இடுப்பு, மடி, ரவிக்கை எல்லாம் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மெஷினை ஆஃப் செய்து ஆன் செய்தாள். ஜீரோ சரியாக வந்தது. மறுபடி ஏறச் சொன்னாள். அதே நம்பர். அப்போதுதான் அவள் கண் நம்பரை விட்டு என் காலுக்கு வந்தது. கழற்றி வைத்த செருப்பின் வார் என் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தது. மண்டி போட்டு உட்கார்ந்து, என் முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"தல வலிக்குதா?"

"ஒரு வாரமா வலிக்குது. கண்ணு கொஞ்சம் மங்குது. வூட்டுல, கால் வீங்குனா ஆம்பளப் புள்ளன்னாங்க."

அக்கா எழுந்து மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். வெளியே ஹைதராபாத் போகிற லாரி பாதி லோடோடு நின்றது. அவள் எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டி ஏறாது. சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"எங்க போற? லாரி நிக்குது! போனீன்னா இந்த மெஷின்ல உனக்கு வேலை கெடையாது, சொல்லிட்டேன்."

"லாரி நிக்கும் சார். இது நிக்காது," என்றாள் அக்கா. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். லாரியில் லோடு ஏறும் நேரத்தில் அவள் மெஷினை விட்டு நகர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அவள் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். "போன வாரமே பாத்துருக்கணும். ஒரு கிலோ ஏறுனதும் முட்டைய ஊட்டிகினு நின்னேனே. நம்பரத்தான பாத்தேன், கால பாத்தேனா?"

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் உடனே டாக்டரைக் கூப்பிட்டார். எனக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏறினது உன் உடம்புல தேங்கின நீர். குழந்தை வளர்ச்சி பின்தங்கியிருக்கு. பிரஷர் ஏறினா நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போற ரத்தம் குறைஞ்சுடும். ஏற்கனவே உனக்கும் ரத்தம் கம்மி." நான் பாதிச் சோறு தின்றதாலா என்று கேட்டேன். "இது ஒண்ணுதான்னு எதையும் கைகாட்ட முடியாதும்மா. சாப்பாடு, ரத்தசோகை, பிரஷர், எல்லாம் சேந்துதான். நல்ல நேரத்துல வந்துட்டே. இன்னும் ரெண்டு நாள் வீட்ல இருந்திருந்தா உனக்கே ஃபிட்ஸ் வந்திருக்கும்" என்றார்.

அன்று வீட்டுக்காரர் வரும் வரை அக்கா கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்காமலே பேசினாள்.

"செங்கல் சூளைல கல்லு அறுக்கும்போது எனுக்கு மொதல் புள்ள. இதே மாதிரி கால் வீங்கிச்சு. ஆம்பளப் புள்ளன்னு சொல்லிகினு ஜாலியா இருந்தோம். ஷெட்டுலயே பொறந்துச்சு. பொம்பளப் புள்ள. எல்லாரும் வந்து பாத்து சின்னதா கீது, சின்னதா கீதுன்னாங்க. எத்தினி கிலோன்னு ஒருத்தியும் பாக்கல. எனுக்கும் கேக்கத் தெரியல. ஆறு நாள் இருந்துச்சு."

என் போர்வையை இழுத்து விட்டுவிட்டு, "இன்னிக்கி வரைக்கும் தெரியாது எத்தினி கிலோன்னு," என்றாள்.

எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்துக்கொண்டேன். அந்த நிமிஷம் ஒன்று முடிவு செய்தேன். என் பிள்ளையை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவேன், எத்தனை கிலோவாக இருந்தாலும்.

பன்னிரண்டு நாள் பிரஷரைப் பிடித்து நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள். அதற்கு மேல் முடியாது என்று ஆபரேஷன் செய்தார்கள். எந்தக் கத்திக்குப் பயந்து பட்டினி கிடந்தேனோ அந்தக் கத்தி வந்தேவிட்டது. பெண் குழந்தை. மறுநாள் பார்வை நேரத்தில் வந்த அக்கா, குழந்தை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நர்ஸைக் கேட்டாள்.

"எடை எத்தினி?"

"ஒண்ணு எண்ணூத்தைம்பது."

"துணியோடவா, துணி இல்லாமலா?"

நர்ஸ் முறைத்தார். அக்கா நகரவில்லை. கடைசியில் நர்ஸ், "துணி இல்லாம, ஜீரோ பாத்துத்தான் போட்டோம். போதுமா?" என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

குழந்தையை என் மார்பின் மேல் தோலோடு தோலாக வைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பகலெல்லாம் நான் கட்டிக்கொண்டேன். எனக்கு முதுகு வலித்தபோது என் மாமியார், ரவிக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பேத்தியைத் தன் மார்பில் கட்டிக்கொண்டார். சின்னதாக இருக்க வேண்டும் என்று கேட்டவர்தான். "இவ்ளோ சின்னதா நான் கேக்கலியே சாமி" என்று அழுதுகொண்டே கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கிலோ தாண்டிய பிறகுதான் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சூப்பர்வைசர் சொன்னபடி செய்துவிட்டார். அக்காவை மெஷினிலிருந்து எடுத்துப் பின்னால் ஸ்கிராப் யார்டில் போட்டுவிட்டார்கள், பித்தளைச் சீவல் பொறுக்குகிற வேலைக்கு. தூணுக்கும் பெயின்ட் அடித்துவிட்டார்கள். பூ, மீன், குடை, என் பட்டாம்பூச்சி எல்லாம் பச்சைப் பெயின்டுக்குள் போயின. இதைப் பேக்கிங் பெண்கள்தான் எனக்குச் சொன்னார்கள். என்னால்தானே.

குழந்தைக்கு மூன்றரை மாதம் ஆனதும் அவளைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் பஸ் ஏறினேன். மதியச் சாப்பாட்டு நேரம். செக்யூரிட்டி தெரிந்தவர், உள்ளே விட்டார். ஸ்கிராப் யார்டில் தகரக் கூரைக்குக் கீழே அக்கா உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் பித்தளைத் தூள். பக்கத்தில் சீவல் எடை போடுகிற சின்ன மேஜை மெஷின், மூட்டை எடை போடுகிற தரை மெஷின் ஒன்று. அதற்குப் பின்னால் இருந்த தகரச் சுவரில் சாக்பீஸால் ஒரு மயில், ஒரு மாங்காய், அவற்றின் கீழே வரிசையாக எடைகள். பெண்கள் இங்கேயும் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"உன் வேல போச்சேக்கா, என்னால," என்றேன்.

"எங்க போச்சு? இங்கயும் மெஷின் கீதே," என்றாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். சுத்தமான துணி ஒன்றைச் சின்ன மெஷினின் தட்டில் விரித்து, பட்டனை அழுத்தி ஜீரோ வர வைத்தாள். "கொண்டா."

குழந்தையை வைத்தேன். கால்களை உதைத்ததில் நம்பர் ஓடியது. அக்கா ஒரு விரலைக் கொடுத்ததும் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் சும்மா கிடந்தாள். நாலு கிலோ தொள்ளாயிரம்.

அக்கா நம்பரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி உதறினாள். சட்டைக்குள் கையை விட்டுத் தடவினாள். இரண்டு சாக்ஸையும் உருவித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா தேடுற?"

"எல்போ," என்றாள்.

எதுவும் விழவில்லை. பிஞ்சுப் பாதத்தை எடுத்துக் கட்டை விரலால் மெதுவாக அழுத்தினாள். குழி விழவில்லை. அந்தப் பாதத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, தகரச் சுவர்ப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் நின்றாள். பிறகு ஒரு சாக்பீஸ் எடுத்து, கரப்பான் மாதிரி ஒரு பட்டாம்பூச்சி வரைய ஆரம்பித்தாள்.